விடுதல்

லீபாயா நகரத்தில் காற்றுக்குப் பஞ்சமில்லை.
பால்டிக் கடல் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து
தெருவில் கொட்டிவிட்டுப் போகும்.
மாடிப்படியின் ஒன்பதாவது கட்டில்
வெல்டா உட்கார்ந்துவிட்டாள்,
மடியில் பீட்ரூட் பை,
உள்ளே போன காற்று வெளியே வரட்டும் என்று.

மூச்சு வாங்குகிறது என்கிறோம்.
வாங்குவதில் அவளுக்குக் குறையில்லை.
திருப்பித் தருவதில்தான் தகராறு.

முப்பத்தோரு வருடம் எலாஸ்டிக் ஆலையில்
சோதனை மேஜை.
ஒரு சாண் நாடா. இரண்டு சாணாக இழு.
பத்து எண்ணு. விடு.
பழைய நீளத்துக்குத் திரும்பினால் முத்திரை.
ஒரு நூலளவு தளர்ந்தாலும் கழிவுக் கூடை.
உள்பாவாடையின் இடுப்புக்கு, சிப்பாயின் காலுறைக்கு,
கைக்குழந்தைத் தொப்பியின் தாடைக்கு
எல்லாம் அவள் விரலைத் தாண்டித்தான் போயின.
பத்தரைக்கும் இரண்டுக்கும் பின்வாசலில் சிகரெட்,
தறிச் சத்தம் காதிலிருந்து வடிகிற வரை.
நாளுக்கு ஒரு பெட்டி.
சம்பள நாளில் ஒன்றரை.

டாக்டர் உல்டிஸ் திரையை அவள் பக்கம் திருப்பினார்.
கறுப்புக் கறுப்பாய் ஓட்டைகள்.
"அந்துப்பூச்சியா?" என்றாள், ஆலைக்காரி அல்லவா.
"பூச்சி இல்லை. உங்கள் ஆட்கள்தான்."

புகை நுழைந்ததும் வெள்ளணுக்கள் ஓடி வந்திருக்கின்றன,
நல்ல எண்ணத்தோடுதான்.
ஒவ்வொன்றின் பையிலும் ஒரு கத்தரி;
எலாஸ்டேஸ் என்று பெயர்.
கிருமியை நறுக்கக் கொடுத்தது.
வந்ததோ கிருமி இல்லை.
புகையை எந்தக் கத்தரி நறுக்கும்?
பை கிழிந்து சிந்தியவை
பக்கத்தில் இருந்ததை வெட்டின.
பக்கத்தில் இருந்தது நுரையீரலின் மீள்நார்.

கத்தரிக்கு ஒரு காவலும் உண்டாம்.
கல்லீரல் செய்து அனுப்பும் புரதம்.
கத்தரியின் வாயில் தன்னையே கொடுத்து
அதைப் பூட்டி, அதோடு சேர்ந்து மடியும்.
அந்தப் புரதச் சங்கிலியில்
கந்தகம் கோத்த கண்ணி ஒன்று:
அங்கேதான் கத்தரி கடிக்கும், அங்கேதான் சிக்கும்.
புகை குறிபார்த்ததுபோல் அதைச் சுட்டுவிட்டது.
காவல் நின்றது.
பிடிமானம் போய்விட்டது.

வேலியே பயிரை மேய்ந்தது என்று
ஒரு வரியில் முடித்துவிடலாம் நாம்.
வேலிக்குப் பசி கிடையாது, டாக்டர் சொன்னபடி பார்த்தால்.
கூப்பிட்டார்கள், வந்தது.
ஒரு நாளைக்கு இருபது முறை கூப்பிட்டார்கள்.

மீள்நார் பிள்ளைப் பருவத்தில் நெய்வது.
அப்புறம் அந்தத் தறி அநேகமாக ஓடுவதில்லை.
அறுந்த துணுக்குகள் ரத்தத்தில் இறங்கி
சிறுநீரோடு போய்விடும், அளந்துகூடப் பார்க்கலாம் என்றார்.
"அப்போ இத்தனை வருஷமும்
என் கழிவுக் கூடை..." என்று
சிரிக்க ஆரம்பித்தாள் வெல்டா.
சிரிப்பு பாதியில் உள்ளேயே மாட்டிக்கொண்டது.

தங்கை ஸ்கைட்ராவும் அதே பெட்டியிலிருந்து எடுத்தவள்தான்.
இன்னமும் அக்டோபரில் கடலில் இறங்குகிறாள்.
அவளிடம் கோபம் இல்லை, வெல்டா சொல்கிறாள்.
கொஞ்சம் உண்டு.

சிகரெட்டை விட்டு ஆறு வருடமாகிறது.
புகையை விட்டாள், பழக்கத்தை விட்டாள்,
இனி விட வேண்டியது மூச்சு ஒன்றுதான்.
நம் மொழியில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல் என்பது
அவளுக்குத் தெரியாது.
உதட்டைக் குவித்து,
சூடான சூப்பை ஆற்றுகிறவள்போல்
மெல்ல, மெல்ல ஊதுகிறாள்.
நான்கு எண்ணுகிறாள். ஆறு.
மேல்வீட்டுப் பையன் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தாண்டிப் போகிறான்.
எட்டு.

இன்னும் பதினோரு படி.
எழுவதற்கு முன்னால், பழக்கதோஷம்,
காலுறையின் விளிம்பை இழுத்துப் பார்க்கிறாள்.
ஆலையில் தந்த பழைய ஜோடி.
குதிகாலில் இரண்டு தடவை ஒட்டுப் போட்டாயிற்று.
விட்டாள்.
சுளீர் என்று திரும்பி வந்து அறைந்தது,
கணுக்காலில் சிவப்பாய்
ஒரு முத்திரை.